இறக்கு என்றாரா, இறங்கு என்றாரா

மேட்டில் சைக்கிளை நிறுத்தி இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நான் நின்ற இடத்தில், முந்தின நாள் மழையில் நனைந்த ரம்புத்தான் தோல்கள் நசுங்கிக் கிடந்தன. கையுறைக்குள் வியர்வை. தொண்டையில் இரும்பை நக்கியதுபோல் ஒரு ருசி. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. அதைத் தாண்டினால் முருகன் கோயிலின் கார் நிறுத்துமிடம். மேலே மணி அடிப்பதுகூடக் கேட்டது. எனக்கு அழவேண்டும்போல் இருந்தது. அதைவிட, யாரையாவது அடிக்கவேண்டும்போல் இருந்தது.

அடிக்கவேண்டிய ஆள் பின்னாலேயே வந்து நின்றார். என் வீட்டுக்காரர். பேட்டரி சைக்கிளில். மூச்சுக்கூட வாங்கவில்லை மனிதருக்கு.

"என்ன சரோ, ஏன் இறங்குன?"

"நீங்கதான் இறங்குன்னு சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்? இறக்குன்னுதான சொன்னேன். கியரை இறக்கு. அடடா, நல்லா வந்துக்கிட்டிருந்தியே."

முகத்தில் அப்படி ஒரு வருத்தம். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் மாணிக்கம். ஊர் கிள்ளான். கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வாரம் அவர் ரைஸ் குக்கரைப் பழுதுபார்த்த கதையை எழுதியதிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறார். இந்த வாரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோகலாம்.

ஒரே ஒரு எழுத்து

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. தானே செய்தால் தன்வினை, இன்னொன்றைச் செய்யவைத்தால் பிறவினை. ஆடு, ஆட்டு, உருகு, உருக்கு, இறங்கு, இறக்கு என்று வெண்பலகை நிறைய எழுதிப் போட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் விட்ட சாபமோ என்னவோ, ஓய்வுபெற்ற பிறகு அந்த ஒரு எழுத்து என்னைத் தேடி வந்து பழிவாங்கியது.

லோரிக்காரர்களுக்கு மேட்டில் கியரை 'இறக்கு' என்பதுதான் பேச்சு. அதாவது கனமான கியரிலிருந்து லேசான கியருக்கு மாற்று. சைக்கிளுக்கும் அது பொருந்தும். ஆனால் காற்று காதில் மோத, நெஞ்சு படபடக்க, மேட்டில் மிதிக்கிறவளுக்குப் பின்னாலிருந்து அந்த வார்த்தை வந்தால் க் எது, ங் எது என்று எப்படித் தெரியும்? ஒன்று கேட்டால் விரலை அசைக்கவேண்டும். மற்றொன்று கேட்டால் காலை ஊன்றவேண்டும். நான் ஒவ்வொரு முறையும் காலை ஊன்றினேன்.

"வேற வார்த்தை சொல்லுங்களேன். 'கொறை'ன்னு சொல்லுங்க. இல்ல, 'லைட்'னு சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"அத்தனை வருஷமா இறக்குன்னே சொல்லிப் பழகிட்டேன் சரோ. இனிமே போய் மாத்துன்னா வாய் வருமா?"

வராதாம். புதிதாக வந்த நாசி லெமாக் கடையின் பெயர் முதல் எதிர்வீட்டுச் சீனர் வளர்க்கும் நாயின் பெயர் வரை வாயில் வரும். இது வராது.

யாரைக் கேட்டு நேர்ந்தீர்கள்?

கிள்ளானில் நிம்மதியாக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியவள் எதற்காக இந்த வயதில் உலு லங்காட் பக்கம் போய்க் குன்றேறுகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் அதைத்தான் கேட்டாள்.

எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். அதைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டதால் மறுபடி ஒப்பாரி வைக்கப்போவதில்லை. கெட்ட கட்டிதான், ஆனால் சீக்கிரமே பார்த்துவிட்டோம், பரவவில்லை என்றார் டாக்டர். அன்று காரில் வீடு திரும்பும்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரோ, நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும்போது முருகன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்ன, மொட்டையா? பால்குடமா?"

"அதெல்லாம் இல்ல. நீ சைக்கிள்ல கோயில் மேட்ட ஏறுவ. கீழ வளைவிலேர்ந்து மேல வரைக்கும். இறங்காம, தள்ளாம, கால ஊனாம."

எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. "யாரக் கேட்டு நேர்ந்தீங்க?"

"உன்னத்தான் கேட்டிருப்பேன். நீ மயக்கத்துல இருந்த."

எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. ஒருவர் நேர்ந்துகொள்வார், இன்னொருவர் தலை மொட்டையாகும். பூச்சோங்கில் இருக்கும் என் சின்னம்மா, தன் மருமகன் காவடி எடுப்பார் என்று நேர்ந்துகொண்டார். அதை மருமகனிடம் சொன்னது தைப்பூசத்துக்கு முந்தின வாரம். அந்த மனிதர் ஊசி போடவே கண்ணை மூடிக்கொள்கிறவர். இன்றைக்கும் மாமியார் வீட்டுக்கு வந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

பிறவினை நேர்த்தி என்று நான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பக்தியில் உருகுகிறவள் இல்லை. ஆனால் உடம்பில் ஒரு தழும்பு வந்தபிறகு எதையும் அலட்சியப்படுத்தும் துணிச்சல் போய்விடுகிறது. ஒவ்வொரு செக்கப்புக்கும் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது, அந்த மேடு இன்னும் பாக்கி இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றும். ஏறி முடித்துவிட்டால் அந்த நாட்களையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வரலாம். நோயாளி என்கிற நினைப்பை மேலே விட்டுவிட்டுக் கீழே சும்மா சரோஜாவாக வரலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. மிகவும் வேண்டியிருந்தது.

மேடே இல்லாத ஊர்

கிள்ளான்காரர்களுக்கு மேடு என்றால் சாலையில் வேகத்தடையாகப் போட்டிருக்கும் பம்ப்தான். அதைத் தாண்டினாலே நாங்கள் மூச்சு விடுவோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டி வழக்கமாகக் கேரி தீவுக்குத்தான் போகும். எண்ணெய்ப் பனைக்கு நடுவே மணிக்கணக்காக மிதிக்கலாம், பாதை சப்பாத்திக் கல்லாட்டம் இருக்கும். அங்கே ஒரே ஏற்றம் பாலம்தான். அந்தப் பாலத்தில் ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஏறி நான் பழகியதைப் பார்த்து மீன் பிடிக்க வந்தவர்கள் என்னிடம் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்கள்.

பிறகு இவருக்கு ஒரு யோசனை வந்தது. பேரங்காடியின் கார் நிறுத்துமிடம். கடை திறக்கும் முன்னால் போனால் காலியாக இருக்கும், மாடி மாடியாகச் சுற்றி ஏறலாம். நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது மாடியில் காவலுக்கு இருந்த நேப்பாளத்து ஜாகா விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். வயதான இரண்டு பேர் ஹெல்மெட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, திட்ட வந்தவர் குழம்பிப்போய், லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

ஆளுக்கொரு வித்தை

சரோஜா மேடு ஏறப்போகிறாள் என்று தெரிந்ததும் கோஷ்டியில் எல்லாரும் வாத்தியார் ஆகிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வரன் சொல்வதுபோல் ஆளுக்கொரு வித்தை சொன்னார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் கணக்காளராக இருக்கும் ஜெகன், உடம்போடு ஒட்டிய உடையும் கைப்பிடியில் ஒரு குட்டிக் கணினியுமாக வருகிறவர். "ஆன்டி, கேடன்ஸ்தான் முக்கியம், நிமிஷத்துக்கு எத்தன மிதிங்கறது. ஹார்ட் ரேட்டப் பாத்து மிதிங்க" என்றார். என் இதயம் எந்த வேகத்தில் அடிக்கிறது என்பதைக் காதாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அதைத் திரையில் வேறு பார்க்கவேண்டுமாம்.

இவர் சொன்னது லோரி வித்தை. "தூரத்துலேர்ந்து அடிச்சிக்கிட்டு வந்து அந்த வேகத்துலயே ஏத்திடணும்." அடித்துக்கொண்டு வந்தேன். வேகம் பாதி மேட்டில் தீர்ந்தது. கனமான கியரில் மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து மிதித்தபடியே மாற்றப்போக, செயின் கழன்று தொங்கியது. முதல் முயற்சி அப்படிப் போனது. அது என் தவறு, அதற்கு யாரையும் குறை சொல்லமாட்டேன். கொஞ்சம்தான் சொன்னேன்.

உருப்படியாகச் சொன்னது நூர்ஜஹான்தான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். முக்காட்டின்மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே மேடேறிவிடும்.

"உச்சியப் பாக்காதீங்க அக்கா. முன்னாடி இருக்கிற ரோட்ட மட்டும் பாருங்க. துணி அளக்கறப்ப கையில இருக்கிற முழத்தத்தான் பாப்போம், சுருள் எவ்வளவு இருக்குன்னு பாத்தா கை சோர்ந்துடும் லா."

அதிலிருந்துதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. யாருக்காவது உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன். மேடு தொடங்குமுன்பே, கால் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கியரை மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் லேசு. பெடல் பக்கம் சின்னது லேசு. இதை யார் இப்படித் தலைகீழாக வைத்தார்களோ, அவர்கள் என் வகுப்பில் படித்திருந்தால் முட்டி போடவைத்திருப்பேன். இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம். எழுந்தால் வேகம் வரும், ஆனால் எங்கள் வயதில் அது நாலு மிதிக்குத்தான் தாங்கும். கைப்பிடியைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதீர்கள், தோள் இறுகினால் மூச்சும் இறுகும். மூச்சை இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முழுதாக வெளியே விடுங்கள், இழுப்பது தானாக நடக்கும். திரும்பிப் பார்க்காதீர்கள், முன்சக்கரம் ஆடிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பின்னால் வருகிறவர் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும்.

ஏனென்றால் இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் நான் மேலே போய்ச் சேரவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போவோம். கீழே வளைவில் கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பேன். டுரியான் தோட்டத்து கேட், பிறகு மின்கம்பம், பிறகு ரம்புத்தான் மரம். கடைசி வளைவு நெருங்கும். பின்னாலிருந்து குரல் வரும். கால் தானாகத் தரைக்குப் போகும். நின்றுவிட்டால் அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்கவும் முடியாது, மிதித்தாலும் நேர்த்தி செல்லாது. கீழே போய் முதலிலிருந்து தொடங்கக் காலில் பலம் இருக்காது. இவர் இடையில் முட்டி வலி என்று பேட்டரி சைக்கிள் வாங்கிக்கொண்டார். அதில் சொகுசாக வந்துகொண்டு எனக்குக் கியர் சொல்கிறார்.

நூர்ஜஹான் கேட்டது

நான் முதலில் சொன்ன அந்த ரம்புத்தான் தோல் ஞாயிறன்று நூர்ஜஹானும் கூட வந்திருந்தது. மேட்டிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, அடிவாரத்துக் கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். இவர் சைக்கிள்களைக் காரில் மாட்டப் போயிருந்தார். நான் இறக்கு, இறங்கு புராணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன்.

நூர்ஜஹான் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணே இறங்குன்னுதான் சொன்னாரு."

"என்ன?"

"நான் அவருக்குப் பக்கத்துலதான வந்தேன். இறங்கு சரோ, இறங்குன்னு. ரெண்டு தடவ. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. முடியாம வர்றீங்கன்னு பயந்துட்டாருபோலன்னு நெனைச்சேன்."

நான் முடியாமல் வரவில்லை. அன்று எனக்கு நன்றாக முடிந்துகொண்டிருந்தது.

தே தாரிக் ஆறிப்போனது. நான் காது கேளாதவள், இலக்கணம் தெரிந்தும் க் தெரியாதவள் என்று என்னையே நொந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

நெரிசலில் ஒரு வாக்குமூலம்

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் கார்கள் நகரவில்லை. நல்லதாகப் போயிற்று. அவரால் எங்கும் போக முடியாது.

"நூர்ஜஹான் சொல்லிருச்சு" என்றேன்.

எதை என்று கேட்கவில்லை அவர். முன்னால் நிற்கும் லோரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்கானைக் கூட்டினார். குறைத்தார்.

"எத்தன மாசமா என் முட்டி தேயுது தெரியுமா? கைய காலத் தேய்ச்சுக்கிட்டு, ராத்திரி வலி எண்ணெய் போட்டுக்கிட்டு... நேர்ந்ததும் நீங்க, கெடுக்கறதும் நீங்களா? உங்களுக்கு அறிவிருக்கா?"

"ஏறி முடிச்சிட்டா?" என்றார்.

"முடிச்சிட்டா என்ன? நேர்ந்தது முடிஞ்சுடும். நிம்மதி."

"அதான். முடிஞ்சுடும்."

பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு அந்த வராந்தால உக்காந்து யோசிச்சேன் சரோ. நான் காவடி எடுக்கிறேன்னு சொன்னா, முருகனுக்கு நான் இருந்தாப் போதும். மொட்டை போடறேன்னாலும் நான் போதும். நீ ஏறணும்னு சொன்னா, அவனுக்கு நீ வேணும். நீ இல்லாம அந்த மேட்ட யாரு ஏறுவா?"

முன்னால் நின்ற லோரி ஒரு முழம் நகர்ந்தது, அவரும் காரை ஒரு முழம் நகர்த்தினார்.

"இப்ப நீ ஏறி முடிச்சிட்டன்னா, அப்புறம் அவனுக்கு நீ எதுக்கு?"

"இது சாமிய ஏமாத்தற வேல."

"எங்க ஏமாத்தறோம்? மாசா மாசம் போறோம். ஏறுறோம். வண்டி ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் சரக்கு லேட்டுன்னுதான் சொல்வாங்க. வராதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

முருகனையே கேமரன் முட்டைக்கோசுக்குக் காத்திருக்கும் மொத்த வியாபாரியாக ஆக்கிவிட்டார். இதற்கு என்ன இலக்கணம் சொல்வது? எனக்கு வந்த கோபத்தில் கார் கதவைத் திறந்துகொண்டு ஹைவேயிலேயே நடந்துவிடலாமா என்றிருந்தது. நான் எதை முடித்துவிட்டு வெளியே வரத் துடித்தேனோ, அதை முடியவிடாமல் இந்த மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என் பயத்திலிருந்து நான் வெளியேறினால் தன் பயத்தோடு தனியாக நிற்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

எரிச்சல் குறையவில்லை. கூடவே இன்னொன்றும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கிள்ளான் வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் இறங்கும்போது மட்டும் சொன்னேன்: "அடுத்த தடவ நான் ஏறி முடிக்கப்போறேன். நீங்க வாயத் தெறக்கக்கூடாது."

"சரி" என்றார்.

கடைசி வளைவு

இந்த மாதம் செக்கப் முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மறு ஞாயிறு கிளம்பினோம், நாங்கள் இருவர் மட்டும்.

அன்று மழை இல்லை. சாலை காய்ந்திருந்தது. வளைவில் கும்பிட்டேன். மேடு தொடங்கும் முன்பே கியரை மாற்றினேன். தோளைத் தளர்த்தினேன். முன்னால் கிடந்த சாலையை மட்டும் பார்த்தேன். தோட்டத்து கேட் போனது. மின்கம்பம் போனது. ரம்புத்தான் மரத்தடியில் வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. நான் வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. குரல் வரவில்லை. அதையும் தாண்டினேன்.

கடைசி வளைவில் திரும்பியதும் கோயிலின் தகரக் கூரை தெரிந்தது. வாசலில் செருப்புகள் தெரிந்தன. கற்பூர வாசனை வந்தது. மூச்சு சீராக இருந்தது. காலில் இன்னும் பலம் இருந்தது. இவ்வளவு சுலபமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பின்னால் பேட்டரி மோட்டாரின் முனகல் மட்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம்.

மேட்டில் திரும்பிப் பார்க்கக்கூடாது. உங்களுக்குச் சொன்னதை நானே மீறினேன். முன்சக்கரம் லேசாக ஆடியது.

அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது கதவருகே நின்ற அதே முகம். பேட்டரி சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது.

நான் பிரேக்கைப் பிடித்தேன். இடது காலைத் தரையில் ஊன்றினேன்.

அவர் வந்து நின்றார். செருப்புகளையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சரோ, ஏன் இறங்குன?"

"நீங்கதான் இறங்குன்னு சொன்னீங்க."

"நான் வாயே தெறக்கலையே."

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "அடுத்த மாசம் பாத்துக்கலாம். சைக்கிளத் திருப்புங்க."